சின்ன அறையில் ஆள் அறியும் சென்சார்: எந்த மூலையில் வைப்பது, கரண்ட் எங்கிருந்து?

2 மார்ச் 2025, காலை (வாசகர் கேள்வி, மலேசியா)

பீடோரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் அறை 10 அடிக்கு 9 அடி. மோஷன் சென்சார் வாங்கி விளக்கோடு இணைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது. ரேடார் வகை வாங்கச் சொல்கிறார்கள். அது பேட்டரியில் ஓடுமா? எங்கே மாட்டுவது? அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக், அதுவும் கட்டிலுக்குப் பின்னால்.

2 மார்ச், இரவு (இன்னொரு வாசகரின் பதில், இனி வருவதெல்லாம் அவருடையதே)

தம்பி, இதே பிரச்சினையோடுதான் நானும் ஒரு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். நான் சுங்கை சிப்புட். பாட்டிக்கு 84 வயது. ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேறி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர் அறை வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய பகுதியில் இருக்கிறது: பலகைச் சுவர், மேலே தகரம், சின்ன ஜன்னல். பகலிலும் விளக்கு தேவை.

உங்களிடம் இருப்பது பிஐஆர் வகை. உடம்புச் சூடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதைத்தான் அது பார்க்கும். அசையாமல் உட்கார்ந்தால் அதன் கணக்கில் அறை காலி. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தோலின் சூடு 33, 34 பாகை. மதியம் தகரத்தின் கீழே அறைச் சூடும் அதை ஒட்டி வந்துவிட்டால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசமே தெரியாது. பாட்டி மதியம் அறைக்குள் நடந்து போனபோதுகூட அது கண்டுகொள்ளவில்லை. நான் சென்சார் பழுது என்று நினைத்து இரண்டாவதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அப்படியேதான் இருந்தது.

ரேடார் வகைக்கே போங்கள், ஆள் அசையாமல் இருந்தாலும் அது பிடிக்கும். பேட்டரியில் ஓடுவதும் வருகிறது. அது போதும் என்று நினைக்கிறேன், வயர் வேலை மிச்சம்.

5 மார்ச்

மேலே கடைசி வரியில் சொன்னது தவறு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான் பயன்படுத்துவது எச்எல்கே-எல்டி2410 என்ற சின்ன ரேடார் மின்னணுப் பலகை, கூடவே அதை இயக்க வைஃபை உள்ள ஓர் இஎஸ்பி32 பலகை. ரேடார் மட்டும் சராசரியாக 80 மில்லியாம்பியர் இழுக்கும், 5 வோல்ட்டில். வைஃபையையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 1 வாட். நல்ல லித்தியம் செல் ஒன்றில், 3000 மில்லியாம்பியர் மணி என்று போட்டிருப்பதில், 11 வாட் மணிதான் இருக்கிறது. அரை நாள் கூடத் தாங்காது. 10,000 பவர் பேங்க் என்றால் 37 வாட் மணி. இழப்பு போக ஒன்றேகால் நாள்.

அப்படியென்றால் கடையில் விற்கும் பேட்டரி ரேடார் எப்படி மாதக்கணக்கில் ஓடுகிறது? ரேடார் எப்போதும் விழித்திருப்பதில்லை. பல மாதிரிகளில் உள்ளே ஒரு பிஐஆர் இருக்கும். அது முதலில் ஆளைப் பார்த்து ரேடாரை எழுப்ப வேண்டும். தகரச் சூட்டில் அந்த பிஐஆரே கண்ணை மூடிக்கொண்டால் ரேடாரை யார் எழுப்புவது? குளிர்சாதனம் போட்ட அறைக்கு அது சரிவரும். பாட்டி அறைக்கு வராது.

ஆகவே வயர்தான். மாதம் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்.

8 மார்ச்

உங்களைப் போலவே எனக்கும் கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேயே சென்சாரையும் ஒட்டிவிட்டேன். கேபிள் அரை மீட்டர், வேலை பத்து நிமிடம்.

மூன்று நாளில் பார்த்தது இது. கட்டில் இரும்புக் கட்டில், பக்கத்தில் இரும்பு அலமாரி. இரும்பைத் தாண்டி ரேடார் பார்க்காது. பாட்டி ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். சமையல்கட்டில் என் மனைவி சாம்பார் தாளித்தால் பாட்டி அறையில் விளக்கு எரியும்! பலகைச் சுவர் ரேடாருக்குச் சுவரே இல்லை. செங்கல், கான்கிரீட் என்றால் பெரிதும் தடுக்கும். பலகை, ஜிப்சம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஊடுருவிவிடும்.

ஆள் இருக்கும்போது அணைந்தது, ஆள் இல்லாதபோது எரிந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்லைட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

15 மார்ச்

சனிக்கிழமை. வேலை இல்லை. ஒரு முக்காலி போட்டு பாட்டியோடு அரை நாள் அவர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். நீங்களும் எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பாட்டி அசையாமல் இருக்கும் இடங்கள் மூன்று. ஜன்னல் பக்கத்து நாற்காலி: பேப்பர் படிப்பார், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகும். சாமிப் படத்துக்கு முன்னால் தரையில்: கண்ணை மூடினால் கால் மணி நேரம். அப்புறம் கட்டில். நடக்கும் இடமெல்லாம் முக்கியமே இல்லை, நடப்பதை எந்தச் சென்சாரும் பிடித்துவிடும். அசையாத இடங்களைப் பார்ப்பதற்குத்தான் நாம் ரேடாருக்குக் காசு கொடுக்கிறோம்.

அசையாத ஆளை அது எப்படிப் பிடிக்கிறது? மூச்சு. மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்கிறது. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 12.5 மில்லிமீட்டர். திரும்பி வரும் அலையில் அந்தச் சின்ன அசைவும் தெரிந்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 5 மில்லிமீட்டர், இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் நெஞ்சு ரேடாரை நோக்கி இருக்க வேண்டும், நடுவில் இரும்பு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் சமிக்ஞை பாதியாகிவிடுகிறது, ஆப்பில் எண்களைப் பார்த்துக்கொண்டே இதைச் சோதித்தேன்.

அந்த மூன்று இடங்களிலிருந்தும் கண்ணை ஓட்டிப் பார்த்தால், மூன்றும் சேர்ந்து பார்க்கக்கூடிய மூலை ஒன்றுதான்: கதவுக்கு இடப்பக்கம், 6 அடி உயரம். அந்த மூலைக்குப் பக்கத்தில் பிளக் கிடையாது. சுவிட்ச் கூடக் கிடையாது. இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். கரண்ட் அதைத் தேடிப் போக வேண்டும். நான் தலைகீழாகச் செய்ததால்தான் ஒரு மாதம் போனது.

கூரை நடுவில் மாட்டச் சொன்ன நண்பருக்கு: எங்களுக்கு நடுவில் காற்றாடி. இவ்வளவு சின்ன அறையில் காற்றாடியின் இறக்கைதான் கூரையில் பாதி. ரேடாருக்கு அது ஓயாமல் நடமாடும் ஆள். மூலையில் 6 அடியில் வைத்து முகத்தை நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்த்தேன், காற்றாடி பார்வைக்கு வெளியே போய்விட்டது. இந்த ரேடார் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 60 பாகை பார்க்கும். ஆகவே சாய்வு கொஞ்சம் தாராளமாகவே வேண்டும்.

பலகைச் சுவர் பிரச்சினைக்கு: எல்டி2410 தூரத்தை 0.75 மீட்டர் படிகளாகப் பிரிக்கிறது. எத்தனை படி வரை பார்க்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். 3 மீட்டரில் வெட்டினேன். சமையல்கட்டு இந்த மூலையிலிருந்து எதிர்ச் சுவருக்கு அப்பால் இருப்பதால் அது வெட்டுப்பட்டுவிட்டது. சென்சாருக்குப் பின்னால் வரவேற்பறையின் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தொல்லை இல்லை.

16 மார்ச்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஈரத்துணி. நேற்று மழை, கைலியையும் துண்டையும் அறைக்குள் கொடியில் போட்டிருந்தோம். காற்றாடிக் காற்றில் துணி ஆட, பாட்டி கோவிலுக்குப் போன பிறகும் விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தது. காய்ந்த துணியை ரேடார் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. தண்ணீர் ஏறிய துணி ஆள் மாதிரியே தெரிகிறது. கொடியை மாற்றிக் கட்டிவிட்டேன்.

23 மார்ச்

கட்டில் பிளக்கிலிருந்து அந்த மூலைக்கு 5 மீட்டர் யூஎஸ்பி கேபிள் இழுத்தேன். சுவர் ஓரமாக, அழகாகக் கிளிப் அடித்து. நாள் முழுக்க வேலை செய்தது. இரவில் நாலைந்து முறை தானே அணைந்து தானே தொடங்கியது. முதலில் ரேடாரைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் நிரலை. இரண்டும் இல்லை, கேபிள்தான்.

மலிவான யூஎஸ்பி கேபிளுக்குள் ஓடும் செம்பு 28 கேஜ், தலைமுடிக்கு அண்ணன். மீட்டருக்கு 0.21 ஓம். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர், 2 ஓமுக்கு மேல். சாதாரண நேரத்தில் 0.2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வைஃபை ஒரு நொடி உரக்கப் பேசினால் 0.4 ஆம்பியர். அப்போது முனையில் மிஞ்சுவது 4.15 வோல்ட். இஎஸ்பி32 பலகை மயங்கி விழ அது போதும்.

24 கேஜ் கம்பி என்றால் அதே தூரத்துக்கு 0.8 ஓம்தான். இழப்பு பாதிக்கும் குறைவு. கேபிளின் உடம்பில் சின்ன எழுத்தில் கேஜ் அச்சடித்திருப்பார்கள். எண் குறைந்தால் கம்பி தடிமன் என்று பொருள். எண் போடாத கேபிளை நீளமாக இழுக்கவே வேண்டாம்.

இதற்கு நல்ல வழி, அடாப்டரையே சென்சாருக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான். நீளத்தை 240 வோல்ட் பக்கம் ஓட விடுங்கள், 5 வோல்ட் பக்கம் வேண்டாம். அதற்கு வயர்மேன் வேண்டும்.

25 மார்ச்

சுவிட்ச் பெட்டிக்குள்ளிருந்தே கரண்ட் எடுக்கலாமே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு வருவது லைவ் கம்பியும், விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டும். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, நேராகக் கூரை விளக்குக்குப் போய்விடும். நியூட்ரல் இல்லாமல் அடாப்டர் ஓடாது. எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், ஆர்சிசிபி, விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாத வீடென்றால் உயிருக்கே ஆபத்து.

13 ஏப்ரல்

புத்தாண்டுக்கு முதல் நாள் வேலை முடிந்தது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு செய்த வயர்மேன் ஒருவர் வந்தார். 1990 மின்சார விநியோகச் சட்டத்தின்படி வீட்டு நிலைவயரிங்கில் கை வைக்கத் தகுதி வேண்டும். நான் தொழிற்சாலையில் இருபது ஆண்டு மின்னணு வேலை பார்த்தவன். ஆனாலும் அதில் கை வைக்கவில்லை. பலகை வீட்டில் ஒரு தளர்ந்த முனை சூடேறினால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீடு பற்றினால் வரிசையே போகும்.

வயர் போகும் பிவிசி டிரங்கிங் உறையைச் சுவரில் ஓட்டி, அந்த மூலையில் 6 அடியில் ஒரு புது பிளக் வைத்தார். சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) உள்ள 5 வோல்ட் அடாப்டர், 30 செண்டிமீட்டர் கேபிள், சென்சார். மாட்டிய பிறகு இதுவரை ஒரு தடவைகூடத் தானே அணையவில்லை.

சென்சார் சொல்லும்போது விளக்கைப் போடும் மின்சுவிட்சை, அதாவது ரிலேவை, தனிப் பெட்டியில் அடைத்து, பழைய சுவிட்சுக்கு இணையாகக் கொடுத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டாலும் எரியும், சென்சார் சொன்னாலும் எரியும். ரிலேவிலிருந்து சென்சாருக்கு வருவது 5 வோல்ட் கம்பிகள் மட்டும். நான் பிடிவாதமாகக் கேட்டது இந்த ஏற்பாட்டைத்தான். இணையம், ரவுட்டர், வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் என் ஹோம் அசிஸ்டன்ட் கணினி எல்லாம் செத்தாலும் பாட்டி கையை நீட்டினால் விளக்கு எரிய வேண்டும்.

17 ஏப்ரல்

ஏப்ரல் மாதத்து மாலை இடி நம் பக்கம் எப்படி என்று தெரியும்தானே. நேற்று ரவுட்டரையும் கணினியையும் பிளக்கிலிருந்து பிடுங்கி வைத்தேன். சென்சாரையும் ரிலேவையும் மட்டும் விட்டேன், அவை தாமே வேலை செய்யும் என்று. செய்தன. ஆனால் கால் மணிக்கு ஒரு தடவை விளக்கு அணைந்து எரிந்தது.

காரணம்: இஎஸ்பி32 பலகையில் ஓடும் நிரலான இஎஸ்பிஹோமில் வைஃபையோ ஹோம் அசிஸ்டன்டோ 15 நிமிடம் கிடைக்காவிட்டால் பலகை தன்னையே மறுதொடக்கம் செய்துகொள்ளும். இயல்பமைப்பே அப்படித்தான். இரண்டு இடத்திலும் அந்தக் கெடுவைச் சுழியம் ஆக்கினால் நின்றுவிடும். சென்சார் சுயமாக விளக்கை இயக்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதை மாற்றுங்கள்.

20 ஏப்ரல்

பாட்டி இன்று மூலையைக் காட்டி, "அது என்னைப் பாக்குதாடா?" என்று கேட்டார். இரண்டு மாதமாக அவர் அறையில் ஆணி அடிக்கிறேன், கேபிள் இழுக்கிறேன். என்னவென்று நான் உட்கார்ந்து சொன்னதே இல்லை.

கேமரா இல்லை பாட்டி, அதுக்கு முகம் தெரியாது, நீங்க மூச்சு விடுறது மட்டும்தான் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் போய்ட்டா அதுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை.

சேலை மாற்றும்போது அவர் அதற்கு முதுகைக் காட்டி நின்றது எனக்கு அப்புறம் நினைவுக்கு வந்தது. அப்பா அறையில் மாட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் பேசுங்கள், தம்பி.

இதோடு ஒட்டிய ஒன்று. நான் வாங்கிய ரேடாரில் புளூடூத் உண்டு, வாங்கும்போது இருக்கும் கடவுச்சொல் எல்லாப் பலகைக்கும் ஒன்றே. பக்கத்து வீட்டுப் பையன் ஆப்பை இறக்கினால் பாட்டி அறையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கலாம். அமைப்பு முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். நான் அணைத்துவிட்டேன்.

4 மே

பெரிய ஓட்டை ஒன்று மிச்சம் இருந்தது. யாரும் இங்கே சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆள் இருந்தால் விளக்கு எரியும். பாட்டி தூங்கும்போதும் ஆள் இருக்கிறார்!

முதல் வாரம் பாட்டி முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கியிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. இரவு 9:30க்கு மேல் சென்சார் விளக்கைத் தொடாதபடி செய்தேன். பகல் தூக்கத்துக்குக் கட்டில் பக்கம் ஒரு சின்னப் பொத்தான், அழுத்தினால் ஒரு மணி நேரம் விளக்கு வராது. சரி. ஆனால் அப்புறம் அவர் நாலு மணிக்கு எழுந்தால்?

பாட்டி நாலு மணிக்கு எழுவார். பதினாறு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், விடியும் முன் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) போய் நிற்க வேண்டும். லயத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் ஓடி இரவு பத்துக்கு நின்றுவிடும், அதனால் நாலு மணி என்பது அவருக்கு எப்போதுமே இருட்டு. சுவரைத் தடவித்தான் நடப்பார். போன ஆண்டு அப்படித் தடவிப் போகும்போது அலமாரி முனையில் இடித்துக்கொண்டு நெற்றியில் மூன்று தையல். நான் இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணமே அந்தத் தையல்தான், இவ்வளவு நாள் பேப்பர் படிப்பதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கு ரேடார் உதவவில்லை. படுக்கையில் புரண்டாலும் எழுந்து உட்கார்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். கட்டில் சட்டத்துக்கு அடியில், பாதம் இறங்கும் பக்கம், பேட்டரியில் ஓடும் பிஐஆர் இரவு விளக்கு ஒன்றை ஒட்டினேன். கடையில் 15 வெள்ளி (ரிங்கிட்). வைஃபை இல்லை, ஆப் இல்லை. கால் தரையில் பட்டதும் மங்கலான மஞ்சள் வெளிச்சம், அரை நிமிடத்தில் அணைந்துவிடும். விடிகாலையில் அறை குளிர்ந்திருப்பதால் பிஐஆர் பிசகாமல் பிடிக்கிறது. மார்ச் 2 அன்று நான் தள்ளிவைத்த சென்சாரும், மார்ச் 5 அன்று வேண்டாம் என்ற பேட்டரியும் இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகின்றன.

5 மே

பெரிய விளக்கையே நாலு மணிக்கு எரிய விட்டால் என்ன என்று கேட்டவருக்கு: ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். திடீர் வெளிச்சத்தில் பாட்டிக்குக் கண் கூசித் தடுமாறினார். மங்கல் வெளிச்சம், தரைப் பக்கம். அதுதான் சரி.

18 மே

பீடோர் தம்பி தன் அறைப் படம் வரைந்து போட்டிருக்கிறார். பார்த்தேன். அப்பாவின் நாற்காலி கதவுக்கு முதுகு காட்டுகிறது, ஆகவே எங்களைப் போல் கதவுப் பக்கம் வைக்காதீர்கள். ஜன்னலுக்கு வலப்பக்க மூலை, 6 அடி. சுவர் செங்கல் என்கிறீர்கள், அப்படியென்றால் தூரத்தை வெட்ட வேண்டிய அவசியம் இருக்காது. முதலில் பிளக் வைக்காமல் பவர் பேங்க்கில் ஒரு நாள் ஒட்டிப் பாருங்கள். ஒரு நாளுக்குத் தாங்கும், இடம் சரியா என்று தெரிந்துவிடும். அப்புறம் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பாட்டியின் டார்ச்லைட் இப்போது சமையல்கட்டு இழுப்பறையில் கிடக்கிறது. நான் எடுத்து வைக்கவில்லை. அவரே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்.